ஓடிப்போனால் சொத்து என்ன ஆகும்? இங்கிலாந்துப் பிரபு வீட்டுக் கல்யாணங்கள், 1750 முதல் 1850 வரை

குடந்தை தேவகி · 4 ஜூன், காலை 7.50

ஆங்கிலேயப் பிரபுக் குடும்பக் கதை எதை எடுத்தாலும் ஒரு ஜோடி ராத்திரியோடு ராத்திரியாகக் குதிரை வண்டி ஏறி ஸ்காட்லாந்து எல்லைக்கு ஓடுகிறது. அப்பா துரத்துகிறார். எல்லை தாண்டிக் கல்யாணம் ஆனதும் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறார். என் கட்சி இதுதான்: அந்தப் பணக்கார வீடுகளில் காதலுக்குக் குறுக்கே நின்றது அந்தஸ்து ஒன்றுதான். துணிந்து ஓடிவிட்டால் யாரும் ஒன்றும் செய்திருக்க முடியாது. மறுப்பவர்கள் வரலாம்.

பத்திர எழுத்தர் · 4 ஜூன், காலை 9.15

கல்யாணம் செல்லும்; செட்டில்மென்ட், அதாவது கல்யாணத்துக்கு முன் எழுதும் சொத்துப் பத்திரம், இருக்காது. உங்கள் கட்சி அந்த இடத்தில்தான் அடிபடுகிறது.

முதலில், ஏன் ஸ்காட்லாந்து. 1753-இல் ஹார்ட்விக் பிரபு கொண்டுவந்த சட்டம் 1754 மார்ச் 25 முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நடப்புக்கு வந்தது. அதன்படி கல்யாணம் தேவாலயத்துக்குள்தான். இன்னாரும் இன்னாரும் கட்டப்போகிறார்கள் என்று மூன்று ஞாயிற்றுக்கிழமை ஓலை வாசிக்க வேண்டும். நம் ஊர்க் கிறிஸ்தவர்களுக்குத் தெரிந்த அதே கல்யாண ஓலை. இல்லையென்றால் பிஷப் தரப்பில் லைசென்ஸ் வாங்க வேண்டும்; அதற்கு இருவரில் ஒருவர் அந்தத் தேவாலயத்தின் பங்கு எல்லைக்குள் நாலு வாரம் குடியிருந்திருக்க வேண்டும். இரண்டு சாட்சி, பதிவேட்டில் கையெழுத்து. 21 வயது ஆகாதவர் லைசென்ஸில் கட்டினால் அப்பா சம்மதம் கட்டாயம், இல்லாவிட்டால் அந்தக் கல்யாணமே செல்லாது. ஓலை வழியில் சம்மதக் கடிதம் கேட்கமாட்டார்கள். ஆனால் அப்பா எழுந்து நின்று ஆட்சேபம் சொன்னால் வாசித்த ஓலை செத்தது. பதிவேட்டில் பொய் எழுதினால் மரண தண்டனை. திருட்டுக் கல்யாணம் செய்துவைத்த பாதிரியாருக்கு 14 வருடம் நாடு கடத்தல்.

இந்தச் சட்டம் ஸ்காட்லாந்துக்குப் போகவில்லை. அங்கே பையனுக்கு 14, பெண்ணுக்கு 12 நிரம்பியிருந்தால் போதும். சாட்சி முன்னால் "கட்டிக்கொண்டோம்" என்று இருவரும் சொல்லிவிட்டால் புருஷன் பெண்டாட்டி. பாதிரியாரே தேவையில்லை.

நூலகத்துப் பூனை · 4 ஜூன், காலை 9.42

ஸ்காட்லாந்து எல்லையில் பட்டறையில் கொல்லர் சம்மட்டியால் அடித்தால்தான் கல்யாணம் ஆகும் என்கிறார்களே, அது?

பத்திர எழுத்தர் · 4 ஜூன், காலை 10.20

அது வியாபாரம். கிரெட்னா கிரீன், சார்க் ஆற்றைத் தாண்டியதும் வரும் முதல் ஊர். அங்கே கல்யாணம் செய்துவைத்த "பட்டறைப் பாதிரி"களில் பலர் இரும்பையே தொடாதவர்கள். எந்த விடுதி, எந்தப் பாதிரி என்பதை முடிவுசெய்தவன் வண்டியோட்டிப் பையன், அவனுக்குக் கமிஷன். ஜோடியின் உடுப்பையும் அவசரத்தையும் பார்த்துக் கூலி ஏறும். பின்னால் அப்பா வண்டி வருகிறது என்று தெரிந்தால் இன்னும் ஏறும்.

லண்டனிலிருந்து ஏறக்குறைய 320 மைல். பத்துப் பதினைந்து மைலுக்கு ஒருமுறை குதிரை மாற்ற வேண்டும். நாலு குதிரை பூட்டி நிற்காமல் போனாலும் ஒன்றரை நாளுக்குக் குறையாது. குதிரை வாடகை, ஓட்டிக்கு மைலுக்கு இவ்வளவு, வழிநெடுகச் சுங்கம் எல்லாம் சேர்த்தால் ஐம்பது பவுண்டு பக்கம் வரும். ஒரு வீட்டு வேலைக்காரிக்கு நாலைந்து வருடச் சம்பளம் அது. ஏழைகள் ஓடவில்லை, ஓட முடியாது. அவர்கள் பக்கத்துப் பட்டணத்தில் தங்கி, முகம் தெரியாத தேவாலயத்தில் ஓலை வாசித்துவிட்டுப் போனார்கள். எல்லைக்கு அருகே குடியிருந்தவர்கள் வேறு கணக்கு.

குடந்தை தேவகி · 4 ஜூன், பகல் 12.05

சரி, ஓடிவிட்டார்கள். செல்லும் என்று நீங்களே சொல்கிறீர்கள். செட்டில்மென்ட் இல்லாவிட்டால் என்ன குடி முழுகிவிடும்?

பத்திர எழுத்தர் · 4 ஜூன், இரவு 9.30

இதுதான் விஷயமே. கொஞ்சம் நீளும்.

அந்த நாட்டுப் பொதுச் சட்டப்படி கழுத்தில் மோதிரம்... மன்னிக்கவும், விரலில் மோதிரம் ஏறிய நிமிடம் பெண்ணின் ரொக்கம், நகை, பங்குப் பத்திரம் எல்லாம் புருஷனுடையது. சொந்த நிலம் இருந்தால் வருமானம் அவனுக்கு. விற்க மட்டும் அவள் சம்மதம் வேண்டும். அவள் தன் பெயரில் தனியாக வழக்கே போட முடியாது. பணக்கார வீடுகள் இதைச் சுற்றிப் போகக் கண்டுபிடித்த வழிதான் கல்யாணத்துக்கு முன்னாலேயே எழுதும் செட்டில்மென்ட் பத்திரம். அதில் வழக்கமாக வருவது:

பெண் வீட்டார் கொடுக்கும் தொகை. 20,000 பவுண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் அது மாப்பிள்ளையின் அப்பா கைக்குப் போய்ப் பழைய அடமானத்தை அடைக்கும், இல்லையென்றால் மாப்பிள்ளையின் தங்கைகளுக்குக் கொடுக்க வேண்டிய பங்கை அடைக்கும். ஒரு வீட்டுச் சீதனம் அடுத்த வீட்டுச் சீதனமாக நகரும். நமக்குப் புதிதில்லை.

அதற்கு ஈடாக, புருஷன் செத்தால் விதவைக்கு ஆயுள் முழுக்க ஆண்டுத்தொகை. 18-ஆம் நூற்றாண்டில் புழங்கிய விகிதம் சுமார் பத்துக்கு ஒன்று. 20,000 கொண்டுவந்தவளுக்கு வருடம் 2,000. இது நிலத்தின் மேல் பொறுப்பாக ஏறும்.

கைச்செலவுப் பணம். புருஷன் உயிரோடு இருக்கும்போது மூன்று மாதத்துக்கு ஒருமுறை அவள் கைக்கு வருவது. சில நூறு பவுண்டு.

இளைய பிள்ளைகளுக்கு மொத்தமாக ஒரு தொகை, நிலத்தை அடமானம் வைத்துத் திரட்டிக்கொள்ள டிரஸ்டிகளுக்கு அதிகாரத்தோடு.

கடைசியாக நிலம். மாப்பிள்ளைக்கு ஆயுட்கால அனுபவ பாத்தியதை மட்டும். அவனுக்குப் பின் இன்னும் பிறக்காத மூத்த மகனுக்கு. அந்த மகனுக்கு 21 ஆனதும் அப்பாவும் மகனும் உட்கார்ந்து மறுபடி எழுதுவார்கள். கையெழுத்துப் போடுவதற்கு மகனுக்கு மாதாமாதம் பணம். பையனுக்குக் கையில் காசில்லாத வயதில் கேட்கிறார்கள், போட்டுவிடுவான். தலைமுறைக்குத் தலைமுறை எஸ்டேட் விற்கப்படாமல் நின்றது இந்தச் சூட்சுமத்தால்தான்.

இதெல்லாம் சும்மா வரைய முடியாது. இரு தரப்பு வக்கீல்களும் வாரக்கணக்கில் இழுப்பார்கள். சில சம்பந்தங்கள் ஜாதகம் பார்க்கிற இடத்தில் இல்லை, இந்த ஆண்டுத்தொகை பேசுகிற இடத்தில் முறிந்தன. ஒரே எஸ்டேட்டில் பாட்டிக்கும் அம்மாவுக்கும் ஏற்கனவே ஆண்டுத்தொகை ஓடிக்கொண்டிருந்தால் மூன்றாவதை எங்கே ஏற்றுவது? பாட்டி தொண்ணூறு வயது வரை திடகாத்திரமாக இருந்தால் பேரனுக்குப் பெண் கிடைப்பது கஷ்டம்.

ஓடிப்போனவளுக்கு இதில் ஒன்றுமே இல்லை. அப்பா தொகை தரமாட்டார், மாப்பிள்ளை வீட்டார் நிலத்தில் பொறுப்பு ஏற்றமாட்டார்கள்.

நூலகத்துப் பூனை · 4 ஜூன், இரவு 10.11

ஒன்றுமே இல்லை என்பது அதிகம். செட்டில்மென்ட் எழுதாத விதவைக்குப் பொதுச் சட்டமே புருஷன் நிலத்தில் மூன்றில் ஒரு பங்கு வருமானத்தை ஆயுளுக்கும் கொடுத்தது. 1833 சட்டம் வந்த பிறகுதான் புருஷன் அதை உயிலில் தட்டிவிட முடிந்தது.

பத்திர எழுத்தர் · 4 ஜூன், இரவு 10.34

ஆமாம், நல்ல வேளை எடுத்துக் கொடுத்தீர்கள். ஆனால் அந்த மூன்றில் ஒன்று, புருஷனுக்கு வாரிசுக்கு இறங்கக்கூடிய முழு உரிமை உள்ள நிலத்தில்தான். பிரபு வீட்டு மூத்த மகனுக்கு இருப்பது ஆயுட்கால பாத்தியதை. அதில் மூன்றில் ஒன்று கிடையாது. அதைத் தவிர்க்கவே வக்கீல்கள் தனி வாசகம் வைத்திருந்தார்கள். வியாபாரி மகனைக் கட்டியவளுக்கு வேண்டுமானால் கிடைத்திருக்கும்.

நீலா · 5 ஜூன், காலை 6.40

இவ்வளவு சொல்லிவிட்டு ராபர்ட் சைல்டை விட்டுவிட்டீர்களே. லண்டன் வங்கிக்காரர், ஆஸ்டர்லி மாளிகைக்குச் சொந்தக்காரர். ஒரே மகள் சாரா ஆன், 17 வயது. 1782 மே மாதம் வெஸ்ட்மார்லண்ட் பத்தாவது பிரபு ஜான் ஃபேனோடு கிரெட்னாவுக்கு ஓடினாள். மாப்பிள்ளை பிரபு. அந்தஸ்தில் பெண் வீட்டைவிட மேல். அப்படியும் சைல்ட் ஒத்துக்கொள்ளவில்லை. ஆகவே தேவகி அக்கா சொல்கிற "அந்தஸ்து ஒன்றுதான்" இங்கே நிற்காது.

அவர் துரத்தினார், பிடிக்க முடியவில்லை. இரண்டு மாதத்தில் செத்தும் போனார். அதற்குள் உயிலை மாற்றிவிட்டார். வங்கியும் சொத்தும் மகளுக்கு இல்லை, வெஸ்ட்மார்லண்ட் பட்டம் ஏறப்போகும் மூத்த பேரனுக்கும் இல்லை. மகளின் இரண்டாவது மகனுக்கு, இல்லையென்றால் மூத்த மகளுக்கு. மருமகன் பரம்பரை அந்தப் பணத்தைத் தொடக்கூடாது என்று கணக்குப் போட்டு எழுதியது.

பேத்தி சாரா சோஃபியா 1785-இல் பிறந்தாள். 21 வயதில், 1806-இல், சைல்ட் வங்கியின் மூத்த கூட்டாளி ஆனாள். அதற்குள் கல்யாணமும் ஆகியிருந்தது. மாப்பிள்ளை பின்னால் ஜெர்சி பிரபு ஆனவர். 1867-இல் சாகும்வரை வங்கியில் அவள் கை இருந்தது.

நூலகத்துப் பூனை · 5 ஜூன், காலை 7.02

அந்த ஜெர்சி சீமாட்டிதானே ஆல்மாக்ஸ் நடன மண்டப வாசலில் உட்கார்ந்துகொண்டு யாரை உள்ளே விடலாம் என்று தீர்ப்புச் சொன்னவள்! ஓடிப்போனவள் பெற்ற பெண்.

நீலா · 5 ஜூன், காலை 7.15

அவளேதான். ஆல்மாக்ஸ் 1765-இல் லண்டன் கிங் தெருவில் திறந்த நடன மண்டபம். ஆரம்பத்தில் பத்து கினி (ஒரு கினி ஒரு பவுண்டுக்குச் சற்று மேல்) சந்தா, வாரத்துக்கு ஒன்றாக 12 நடனங்கள். புதன்கிழமை இரவு. பணம் இருந்தால் மட்டும் நுழைய முடியாது. ஏழெட்டுச் சீமாட்டிகள் கொண்ட குழு பெயர்ப் பட்டியலைப் பார்த்து வவுச்சர், அதாவது அனுமதிச் சீட்டு, கொடுக்கும். 1814 வாக்கில் ஜெர்சி, கவுப்பர், காசல்ரே, செஃப்டன் சீமாட்டிகளும் ரஷ்யத் தூதரின் மனைவி லீவனும் அந்தக் குழுவில். காவல் படை அதிகாரிகளிலேயே விரல்விட்டு எண்ணக்கூடியவர்களுக்குத்தான் வவுச்சர். இரவு பதினொன்றுக்குக் கதவு சாத்தினால் சாத்தினதுதான். நெப்போலியனை வென்ற தளபதி வெலிங்டனையே திருப்பி அனுப்பினார்கள் என்பது ஊரறிந்த கதை. தாமதம் என்று ஒரு பாடம், முழங்கால் உடுப்புக்குப் பதில் கால்சட்டை போட்டு வந்தார் என்று இன்னொரு பாடம்.

சாப்பாடு படுமோசம். எலுமிச்சை பானம், தேநீர், மெல்லிய ரொட்டி வெண்ணெய், காய்ந்த கேக். யாரும் சாப்பிட வரவில்லையே. கல்யாணச் சந்தை அது, ஆனால் வடிகட்டிய சந்தை. உள்ளே யாரோடு ஆடினாலும் அப்பா வயிற்றில் புளி கரையாது என்பதுதான் வவுச்சரின் பொருள்.

பத்திர எழுத்தர் · 5 ஜூன், காலை 8.30

இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரே ஆளோடு ஒரு இரவில் இரண்டு சுற்றுக்கு மேல் ஆடினால் நிச்சயமாகிவிட்டது என்று ஊர் பேசும். நிச்சயமாகாத ஆணும் பெண்ணும் கடிதம் எழுதிக்கொள்ளக்கூடாது. தனியாக வண்டியில் போகக்கூடாது. கல்யாணமான ஒரு பெரியவள் கூடவே இருப்பாள். நிச்சயம் ஆன பிறகு பெண் மனம் மாறலாம், ஆண் மாறக்கூடாது; வாக்கு மீறியதற்கு நஷ்டஈடு வழக்கு போடலாம். ஆனால் பெரிய வீட்டுப் பெண் அந்த வழக்கைப் போடுவது அபூர்வம். காதல் கடிதங்களை நீதிமன்றத்தில் உரக்கப் படிப்பார்கள், மறுநாள் பத்திரிகையில் வரும்.

ஆக, காதல் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. "எங்கள் பட்டியலுக்குள் காதலித்துக்கொள்" என்றார்கள்.

கொள்ளிடத்தான் · 5 ஜூன், மாலை 5.20

மெட்ராஸ் சங்கதி ஒன்று. அந்த 1753 சட்டம் கடல் தாண்டி வரவில்லை. அதே வருடம் பிப்ரவரி 18 அன்று ராபர்ட் கிளைவ் மார்கரெட் மாஸ்கலினைக் கட்டியது நம் கோட்டைக்குள் இருக்கும் செயின்ட் மேரி தேவாலயத்தில். அவள் அண்ணன் எட்மண்ட் இங்கே கிளைவின் சிநேகிதன். மாப்பிள்ளை தேடிக் கப்பல் ஏறிவந்த பெண்கள் அதற்கு முன்னும் பின்னும் உண்டு. இங்கிலாந்தில் சீதனத் தொகை சிறிதாக இருந்தால் பட்டியலின் அடியில்தான் இடம். இங்கே கம்பெனி அதிகாரி பத்துப் பேருக்கு ஒரு வெள்ளைக்காரப் பெண் இருந்தாலே அதிகம்.

அதே தேவாலயத்தின் முதல் கல்யாணம் 1680-இல், பின்னால் மெட்ராஸ் கவர்னரான எலிஹு யேலுடையது. பெண் காதரின் ஹின்மர்ஸ், விதவை, கையில் சொத்து. அங்கேயும் சொத்துக் கணக்கு வந்துவிடுகிறது பாருங்கள்.

குடந்தை தேவகி · 5 ஜூன், இரவு 8.10

இழை எங்கேயோ போகிறது, பரவாயில்லை. என் கேள்வி: ஓடிப்போன பிறகு அப்பா மனமிரங்கி எழுதிக் கொடுத்தால்?

பத்திர எழுத்தர் · 5 ஜூன், இரவு 9.05

எழுதலாம், நிறையப் பேர் எழுதினார்கள். தேவாலயத்தில் இன்னொரு தடவை கல்யாணமும் செய்துவைப்பார்கள், ஊர் வாயை அடைக்க. ஆனால் பத்திரத்தில் ஒரு ஓட்டை இருக்கும். கல்யாணத்துக்கு முன் எழுதியதற்குக் கல்யாணமே பிரதிபலன். புருஷனின் கடன்காரன் அதைத் தொட முடியாது. கல்யாணத்துக்குப் பின் புருஷன் தன் சொத்திலிருந்து எழுதியது தானம் மாதிரி. அவன் சூதாடித் திவாலானால் கடன்காரர்கள் அதை உடைக்கப் பார்ப்பார்கள். பெண்ணின் அப்பா தன் பணத்தை டிரஸ்டிகளிடம் கொடுத்து எழுதினால் தப்பிக்கும். ஆகவே விவரம் தெரிந்த மாமனார் மருமகனிடம் பத்துக் காசு கொடுக்காமல் டிரஸ்டி வழியாகவே மகளுக்குக் கொடுத்தார்.

பெண் தானே முந்திக்கொள்வதும் ஆபத்து. நிச்சயமான பிறகு அவனுக்குத் தெரியாமல் தன் பணத்தை டிரஸ்டிகள் பெயருக்கு மாற்றினால், "என்னை ஏமாற்றினாள்" என்று டிரஸ்ட், மைனர் சொத்து வழக்குகளைப் பார்க்கும் சான்சரி நீதிமன்றத்துக்கு அவன் போகலாம், பத்திரம் விழும்.

அப்பா இல்லாத பணக்காரப் பெண்ணுக்கு அதே சான்சரிதான் கார்டியன். 19-ஆம் நூற்றாண்டில் அதற்குச் சுலப வழி இருந்தது: மைனர் பேரில் 100 பவுண்டு எழுதிவைத்து ஒரு மனு. அவ்வளவுதான், நீதிமன்றத்தின் பிள்ளை. அப்புறம் கோர்ட் உத்தரவு இல்லாமல் அவளைக் கட்டுகிறவன் நீதிமன்ற அவமதிப்புக்குச் சிறை போவான். அவள் சொத்து முழுவதையும் அவள் பேரில் கட்டி எழுதிக் கொடுத்தால்தான் வெளியே வருவான். நீதிபதிகள் இதில் கறார்.

நூலகத்துப் பூனை · 5 ஜூன், இரவு 9.31

எட்வர்ட் கிப்பன் வேக்ஃபீல்ட் ஞாபகம் வருகிறார். 1826. ஷ்ரிக்லி ஆலை முதலாளி மகள் எலன் டர்னர், 15 வயது. அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று பள்ளிக்குப் பொய்க் கடிதம் கொடுத்து வரவழைத்து, அப்பா வியாபாரம் நொடித்துவிட்டது, நீ என்னைக் கட்டினால்தான் காப்பாற்ற முடியும் என்று நம்பவைத்து நேரே கிரெட்னா. பிறகு பிரான்சின் கலே துறைமுகம். பெண் வீட்டார் அங்கே போய் மீட்டார்கள். கல்யாணத்தை ரத்துசெய்ய 1827-இல் பாராளுமன்றமே தனிச் சட்டம் போட வேண்டியிருந்தது. ஸ்காட்லாந்துக் கல்யாணம் அவ்வளவு கெட்டி. அவருக்கும் தம்பி வில்லியமுக்கும் மூன்று வருடம் சிறை. உள்ளே உட்கார்ந்து குடியேற்ற நாடுகளில் நிலத்தை எப்படி விற்பது என்று யோசித்து எழுதினார், தெற்கு ஆஸ்திரேலியா அதில் பிறந்தது!

நீலா · 6 ஜூன், காலை 6.55

1823-இல் இங்கிலாந்துச் சட்டத்தையும் திருத்தினார்கள் என்பதைச் சொல்ல வேண்டும். அதன்பின் மைனர் கல்யாணம் சம்மதமில்லை என்பதற்காகச் செல்லாமல் போகாது. பொய் சொல்லிக் கட்டியவனுக்கு அந்தக் கல்யாணத்தால் வரும் சொத்து மட்டும் கிடையாது. எது யாருக்கு வலிக்கும் என்று தெரிந்து எழுதிய சட்டம்.

அப்படியும் கிரெட்னா ஓட்டம் நிற்கவில்லை. 1845-இல் அங்கே ஓடியவர்களில் ஒருத்தி அடெலா வில்லியர்ஸ், கேப்டன் இபட்ஸன் என்பவரோடு. யார் மகள் தெரியுமா? ஆல்மாக்ஸ் ஜெர்சி சீமாட்டியின் மகள். பாட்டி 1782, பேத்தி 1845, நடுவில் வாசற்காவல். 1856-இல்தான் ஒருவராவது ஸ்காட்லாந்தில் 21 நாள் தங்கியிருக்க வேண்டும் என்று புரூம் பிரபு சட்டம் கொண்டுவந்து வண்டிப் பிழைப்பில் மண்ணைப் போட்டார்.

கொள்ளிடத்தான் · 6 ஜூன், காலை 9.10

அத்தை மகள், சித்தப்பா மகள் எல்லாம் கட்டலாமா அங்கே?

நூலகத்துப் பூனை · 6 ஜூன், காலை 9.25

இரண்டுமே கட்டலாம். சித்தப்பா மகளைக் கட்டுவது நமக்குக் காது பொத்துகிற சங்கதி, அவர்களுக்கு எஸ்டேட்டைச் சேர்த்துவைக்க நல்ல வழி. அக்கா மகள் கூடாது. செத்துப்போன மனைவியின் தங்கையும் கூடாது. 1835 சட்டம் அதை அடியோடு செல்லாததாக்கியது, 1907 வரை அப்படியே. காசுள்ளவர்கள் வெளிநாடு போய்க் கட்டினார்கள். ஓவியர் ஹோல்மன் ஹன்ட் 1875-இல் சுவிட்சர்லாந்து போனது அதற்குத்தான். மச்சினியைக் கட்ட எழுபது வருடம் பாராளுமன்றத்தில் சண்டை என்றால் நம் ஊரில் நம்பவேமாட்டார்கள்.

குடந்தை தேவகி · 6 ஜூன், இரவு 10.00

நான் ஒரு கதை எழுதிக்கொண்டிருக்கிறேன், அதனால்தான் இவ்வளவு குடைச்சல். 1810. நாயகிக்கு வயது 20. பாட்டி உயிலில் அவளுக்கு 10,000 பவுண்டு ரொக்கம், "டிரஸ்டிகள் சம்மதமில்லாமல் கட்டினால் கிடையாது" என்று நிபந்தனை. ஓடினால் போச்சா?

பத்திர எழுத்தர் · 6 ஜூன், இரவு 10.40

உயிலின் அடுத்த வரியைப் பாருங்கள். அந்த ஒரு வாக்கியம் மட்டும் இருந்தால் அது வெறும் பூச்சாண்டி. ரொக்கம், பத்திரம் மாதிரி அசையும் சொத்தில் இப்படி மிரட்டல் மட்டும் எழுதியிருந்தால் சான்சரி கண்டுகொள்ளாது, பணம் அவளுக்கு வரும். அதாவது அவள் புருஷனுக்கு. "மீறிக் கட்டினால் அந்தத் தொகை இன்னாருக்குப் போகட்டும்" என்று மாற்று ஆள் பெயர் எழுதியிருந்தால்தான் நிபந்தனை பலிக்கும். பாட்டிக்கு நல்ல வக்கீல் இருந்தாரா என்பதை நீங்கள்தான் முடிவுசெய்ய வேண்டும்.

இரண்டாவது யோசனை: ஒரு வருடம் பொறுத்தால் அவளுக்கு 21. அப்புறம் லைசென்ஸுக்கு அப்பா சம்மதம் தேவையில்லை, ஐம்பது பவுண்டு வண்டிச் செலவு மிச்சம். உயில் நிபந்தனை மட்டும் அப்படியே இருக்கும், "21 வயதுக்குள்" என்று எழுதவில்லை என்றால்.

குடந்தை தேவகி · 6 ஜூன், இரவு 10.52

மாற்று ஆள் இருக்கிறான், அத்தை மகன். ரொம்ப நல்லவன். ஓடுவதற்கு வண்டி ஏற்பாடு செய்வதே அவன்தான் என்று வைத்துக்கொள்ளலாமா?

பத்திர எழுத்தர் · 6 ஜூன், இரவு 10.55

தாராளமாக. நாலு குதிரையாகவே பூட்டிக் கொடுப்பான். அவனுக்கு அது 10,000 பவுண்டு வரவு.